சென்னையில் ஒரு நாள், நான்கு கலை வளாகங்கள்: எதற்குப் போவது?

சித்தி மகள் கோயம்புத்தூரிலிருந்து அழைத்தாள். ஆவணியில் சென்னையில் ஒரு திருமணம். அதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை, முழுவதும் கையில் இருக்கிறது. "பெண்ணுக்குப் படம் வரைவதென்றால் உயிர், அண்ணா. கடற்கரையும் கடைத்தெருவும் போன முறையே பார்த்தாகிவிட்டது. எழும்பூர் ஓவியக் கல்லூரி, கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளி, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி என்று சொல்கிறார்களே, அங்கெல்லாம் உள்ளே விடுவார்களா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும். எதற்குப் போகட்டும்?"

இந்தக் கேள்வி அவளுடையது மட்டுமில்லை. வெளியூரிலிருந்து வருபவர்களும், சென்னையிலேயே இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாதவர்களும் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன். அதற்கான காரணங்களை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கு இந்த வளாகங்கள் மீது தனிப் பிரியம் உண்டு. அருங்காட்சியகத்துக்குப் போனால் முடிந்த வேலையைப் பார்க்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நடராசர் ஒரு நாளும் தவறாக வார்க்கப்பட்டிருக்க மாட்டார் என்று குழந்தை நம்பிவிடுகிறது. கலைப் பள்ளியில் முடியாத வேலையைப் பார்க்கலாம். பாதி செதுக்கிய கல், மூன்றாம் முறையும் தாளம் தப்பிய அடவு (நாட்டியத்தின் அடிப்படை அசைவு), நான்கு தடவை அழித்து வரைந்த மூக்கு எல்லாம் அங்கே கண்முன் கிடக்கும். வரைய ஆசைப்படும் பிள்ளை பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, வேலை நடப்பதைக் காண முடியுமா? மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். ஆளில்லாத வகுப்பறையையும் பூட்டிய பட்டறையையும் சுற்றிவருவதற்குக் கலைக் கல்லூரி வரை போக வேண்டியதில்லை.

இரண்டாவது, நாளும் நேரமும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நமக்கு விடுமுறை என்றால் மாணவர்களுக்கும் விடுமுறை. சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதத்தில் உறவினர் குடும்பம் ஒன்றை ஒரு கல்லூரிக்கு அழைத்துப் போனேன். வாசலில் காவலாளி மட்டும் இருந்தார். வேப்ப மரத்தடியில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்காதது என் தவறு. சனி, ஞாயிறு, கோடை விடுமுறை, தேர்வுக் காலம் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் ஆண்டில் மிஞ்சும் நாட்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

மூன்றாவது, அனுமதி. பார்வையாளர்களுக்கென்றே வழி வைத்திருக்கும் இடம் ஒரு வகை. அரசுக் கல்லூரி வேறு வகை. அங்கே நாம் விருந்தினர். அழைப்பில்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன் எப்படிக் கேட்போமோ அப்படிக் கேட்க வேண்டும்.

நான்காவது, கூட வருபவர்கள். ஆறு வயதுக் குழந்தையால் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்க முடியாது. எழுபது வயது அத்தையால் மணலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க முடியாது. கல் தூசியில் மூச்சிரைப்பவர்களும் நம் வீடுகளில் உண்டு.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. நுழைவுக் கட்டணம் எங்குமே பெரிதில்லை. வார நாளில் எடுக்கும் விடுப்பு, பள்ளிக்குப் போடும் மட்டம், போக்குவரத்தில் கரையும் நேரம், திரும்பும்போது வாங்காமல் வர மனம் வராத ஒரு புடவை அல்லது ஒரு கல் பிள்ளையார், இவைதான் உண்மையான கணக்கு.

## கலாக்ஷேத்ரா, திருவான்மியூர்

1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வளாகத்தில் தொடங்கிய பள்ளி இது. 1962இல் திருவான்மியூர்க் கடற்கரையை ஒட்டிய இன்றைய வளாகத்துக்கு வந்தது. ஏறத்தாழ 100 ஏக்கர். 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆயிற்று. கேரளக் கோயில்களின் நாடக அரங்கான கூத்தம்பலத்தைத் தழுவிக் கட்டிய அரங்கம் உள்ளே இருக்கிறது.

இசை வேளாளர் குடும்பங்களிடம் வழிவழியாக இருந்த சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீடுகளுக்கும் மேடைகளுக்கும் போன வரலாற்றில் இந்த வளாகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ருக்மிணி தேவியே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர். அந்த மாற்றத்தில் யார் எதைப் பெற்றார்கள், யார் எதை இழந்தார்கள் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. வளர்ந்த பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வழியிலேயே இதைச் சொல்லி வைப்பது நல்லது. மரங்களின் அழகில் அந்தக் கேள்வி மறந்துபோகக் கூடாது.

மரங்கள் உண்மையிலேயே அழகுதான். காலையில் உள்ளே போனால் முதலில் காதுக்கு எட்டுவது கட்டையில் கழி விழும் ஓசை. ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டுமனையில் தாளம் போட, "தெய்யா தெய்" என்ற சொல்லுக்குப் பத்துப் பதினைந்து பாதங்கள் ஒன்றாகத் தரையில் விழுகின்றன. ஒரே அடவு முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்), பிறகு இரண்டாம் காலத்தில், பிறகு மூன்றாம் காலத்தில். மூன்றாம் காலத்தில் யாராவது ஒருவருக்கு அரைமண்டி, அதாவது முழங்கால் மடித்துப் பாதி அமர்ந்த நிலை, உயர்ந்துவிடுகிறது. கழி நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து. மேடையில் இரண்டு நிமிடத்தில் கடந்து போவது இங்கே ஒரு காலைப் பொழுது முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

படம் வரையும் பிள்ளையை இங்கே கூட்டி வருவதற்குக் காரணம் நாட்டியம் மட்டுமில்லை. சாலைக்கு மறுபக்கம் கைவினைப் பிரிவு இருக்கிறது. தறியில் பட்டு நெய்கிறார்கள், அச்சுக் கட்டையால் துணியில் பதிக்கிறார்கள், கலம்காரி வரைகிறார்கள். கலம்காரி வேலையை நின்று பாருங்கள். துணி முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்துக் காயவைக்கப்படுகிறது. பாலின் கொழுப்பு இருப்பதால் மை பரவாது. மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, சற்று மேலே துணியையோ கம்பளி நூலையோ சுற்றியதுதான் பேனா. அந்தச் சுற்றை விரலால் அழுத்த அழுத்த மை இறங்குகிறது. கறுப்பு மை கடையில் வாங்குவதில்லை. பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைத்து எடுப்பது. கோடு இழுத்த நொடியில் அது வெளிறித்தான் இருக்கும். கடுக்காயோடு சேர்ந்ததும் உங்கள் கண்ணெதிரிலேயே கறுத்துக்கொண்டு வரும். வேதியியல் பாடத்தில் சலித்துப்போன பிள்ளைகூட இந்த இடத்தில் குனிந்து பார்க்கும்.

அனுமதியைப் பொறுத்தவரை, கற்பதைக் காணக்கூடிய மூன்று இடங்களில் இது எளிது என்றே சொல்லலாம். வேலை நாட்களில் காலை வகுப்பு நேரத்தில் கட்டணம் செலுத்திப் பார்வையாளர்கள் வளாகத்தைச் சுற்றலாம். வகுப்பறைக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். பேசக் கூடாது, வகுப்பைப் படம் பிடிக்கக் கூடாது.

மறைந்த செலவு என்று பார்த்தால், முதலாவது அந்தக் காலை நேரம். பதினொன்றரைக்கு மேல் வந்து சேர்பவர்களுக்கு மரங்கள் மட்டுமே மிஞ்சும். தாம்பரம் பக்கத்திலோ ஆவடியிலோ தங்கியிருப்பவர்கள் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். இரண்டாவது, நடை. 100 ஏக்கர் என்பது காகிதத்தில் ஓர் எண். வெயிலில் கால் அதை உணரும். மூன்றாவது, புடவை. இங்கே நெய்யப்படும் அகலக் கரைப் பட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. உடலின் நிறமும் கரையின் நிறமும் சந்திக்கும் இடத்தில் இழைக்கு இழை பின்னும் கோர்வை வேலையைத் தறியில் ஒரு முறை பார்த்துவிட்டவருக்கு அதன் விலை அநியாயமாகத் தோன்றாது. ஆகவே பணப்பையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். குழந்தை ஓடும், கத்தும், அது அதன் இயல்பு. ஆனால் உள்ளே ஒரு மாணவி தன் நான்காண்டுப் படிப்பின் ஒரு காலையைச் செலவழித்துக்கொண்டிருக்கிறாள்.

## அரசு கவின்கலைக் கல்லூரி, எழும்பூர்

பெரியமேடு, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சலில் இப்படி ஓர் இடம் இருப்பதைச் சென்னைக்காரர்களே கவனிப்பதில்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தன் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளி. சில ஆண்டுகளில் அரசு எடுத்துக்கொண்டது. இந்தியாவின் மிகப் பழைய கலைப் பள்ளிகளில் ஒன்று. செந்நிறக் கட்டடங்களும் பெரிய மரங்களும் இன்னும் நிற்கின்றன. சென்னையில் இந்தோ சாரசனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய பாணிகள் கலந்த) கட்டடங்களை எழுப்பிய ராபர்ட் சிஷோம் ஒரு காலத்தில் இதன் தலைவராக இருந்தார். பிறகு ஈ.பி. ஹேவல் இருந்தார். 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் இங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். நம் வீட்டு அடுக்களையில் அடுக்கியிருக்கும் அலுமினியத்தின் இந்தியக் கதை ஓர் ஓவியப் பள்ளியில் ஆரம்பித்தது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்!

மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு உழைப்பாளிகளைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இந்தப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். அவருக்குப் பின் 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். பிறகு எஸ். தனபால். பின்னாளில் 'சென்னை ஓவிய இயக்கம்' என்று பேசப்பட்டதெல்லாம் இந்தச் சுவர்களுக்குள் மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தவர்களின் வேலை. ஓவியர் ஆதிமூலம் இங்கே படித்தவர். ஓவியர் டிராட்ஸ்கி மருதும் திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியும் இங்கே படித்தவர்கள். நடிகர் சிவகுமார் நடிக்க வருவதற்கு முன் ஓவியம் பயின்றதும் இங்கேதான்.

ஓவியம், சிற்பம், அச்சோவியம், சுடுமண், துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பு என்று துறைகள் பிரிந்திருக்கின்றன. எனக்குக் கேட்டால் அச்சோவியப் பட்டறைதான் முதலில். உலோகத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவைத்து, மையைத் தேய்த்து, மெல்லிய துணியால் மேற்பரப்பை மட்டும் துடைத்தெடுக்கிறார்கள். கோட்டுக்குள் புகுந்த மை தங்கிவிடுகிறது. ஈரக் காகிதத்தை மேலே வைத்து, கம்பளம் போர்த்தி, பெரிய சக்கரத்தைச் சுற்றி உருளைகளுக்கு நடுவே அனுப்புகிறார்கள். பிறகு இரண்டு மூலைகளைப் பிடித்துக் காகிதத்தை மெதுவாக உரிக்கும்போது அறையில் இருப்பவர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள், வரைந்தவர் உட்பட. படம் இடவலம் மாறித்தான் வரும் என்று தெரிந்தே வரைந்தவருக்கும் அந்த நொடி புதிது.

ஓவிய வகுப்பில் இன்னொன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் பதினைந்து பலகைகள், பதினைந்து வேறு வேறு மனிதர்கள். பள்ளியில் வரைதல் பாடம் என்றால் கரும்பலகையில் இருக்கும் வாழைப்பழத்தை அப்படியே போடுவது என்று பழகிய பிள்ளைக்கு, இதைவிடப் பெரிய பாடம் எந்த ஆசிரியரும் சொல்லித் தர முடியாது.

ஆனால் இது சுற்றுலாவுக்காக நடத்தப்படும் இடம் இல்லை. டிக்கெட் கவுண்டரும் வழிகாட்டியும் எதிர்பார்க்காதீர்கள். முதல்வர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். மறுத்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த நிச்சயமின்மைதான் இங்குள்ள பெரிய மறைமுகச் செலவு: இரண்டு மூன்று தொலைபேசி அழைப்புகள், ஒரு கடிதம், ஒருவேளை வீணாகும் ஒரு காலை. மாணவர்களின் ஆண்டுக் கண்காட்சி நடக்கும் நாட்களில் போக வாய்த்தால் பாதித் தொல்லை தீரும்; வேலையும் பார்க்கலாம், வரைந்தவர்களிடம் பேசவும் செய்யலாம்.

காலை வீணாகாமல் இருக்க ஒரு வழி உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் அருகிலேயே இருக்கிறது. 1851இல் தொடங்கியது, அதாவது ஓவியப் பள்ளிக்கு ஒரு வயது இளையது. அமராவதிச் சிற்பங்களும் சோழர் செப்புத் திருமேனிகளும் அங்கே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. கல்லூரியில் அனுமதி கிடைத்தால் இரண்டும், கிடைக்காவிட்டால் ஒன்று. சென்ட்ரலிலும் எழும்பூரிலும் இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு அலைச்சலும் இல்லை.

## சிற்பக் கல்லூரி, மாமல்லபுரம்

முழுப் பெயர் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. ஊரில் யாரிடம் கேட்டாலும் சிற்பக் கல்லூரி என்றால் வழி காட்டுவார்கள். 1957இல் பயிற்சி மையமாகத் தொடங்கியது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதி நீண்ட காலம் இதன் முதல்வராக இருந்தார். கல், உலோகம், மரம், சுதை ஆகியவற்றில் மரபுச் சிற்பம், அதோடு மரபுக் கட்டடக்கலை, மரபு ஓவியம்.

எழும்பூரும் இதுவும் இரண்டு துருவங்கள். அங்கே ஒவ்வொருவரும் தனக்கென ஒரு கோட்டைத் தேடுகிறார்கள். இங்கே முன்னோர் வகுத்த அளவைக் கைக்குள் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். உருவத்தின் உயரம் தாலம் என்ற மரபு அளவின் கணக்கில் பிரிக்கப்படுகிறது. ஒரு தாலம் என்பது பன்னிரண்டு அங்குலம், ஓர் அங்குலம் எட்டு யவம். இந்த அங்குலம் அளவுகோலில் இருப்பது அல்ல. சிலையின் உயரத்திலிருந்தே பிறப்பது. உத்தம தச தாலம் என்ற மிக உயர்ந்த பத்துத் தால அளவில் அமையும் திருமாலுக்கு 124 அங்குலம். சிலை ஒரு சாண் என்றாலும் ஓர் ஆள் உயரம் என்றாலும் 124 பங்குதான். இதைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, கல்லின் மேல் காவியால் போட்டிருக்கும் கோடுகளைக் காட்டுங்கள். விகிதம் என்று கணக்குப் புத்தகத்தில் படித்தது திடீரென்று கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் உளிச் சத்தம். கருங்கல்லில் விழும் ஒவ்வோர் அடியும் கூர்மையை மழுக்குகிறது. அதனால் உளியைக் காய்ச்சி அடித்துத் தோய்த்துத் தீட்டுவதும் சிற்பியின் அன்றாட வேலை. செதுக்கும் கையைப் பார்க்கிற நாம் உலைக்களத்தைப் பார்ப்பதில்லை. வாய்ப்புக் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.

அனுமதி விஷயத்தில் இங்கும் எழும்பூர் நிலைதான். முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆனால் மறுக்கப்பட்டாலும் இந்த ஊரில் ஒரு நாள் வீணாகாது என்பது இதன் பெரும் பலம். தெருவுக்குத் தெரு சிற்பப் பட்டறைகள் இருக்கின்றன. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பட்டறை வாசலில் நின்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் வேலையைக் காட்டுவார்கள்.

அதோடு இந்த ஊரின் பல்லவர் வேலையிலேயே முடியாதவை நிறைய. ஒரே பாறையில் செதுக்கிய கோயில்களான வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் பாதியில் நிற்கின்றன. முடியாத குடைவரைகளில் பாறையைச் சிறுசிறு சதுரங்களாகப் பள்ளம் வெட்டிப் பிரித்து, சதுரம் சதுரமாக உடைத்தெடுத்த தடம் அப்படியே தெரிகிறது. கல்லூரியில் ஒரு மாணவர் உளி பிடிப்பதைப் பார்த்துவிட்டு அன்று மாலையே அந்தத் தடத்துக்கு முன் போய் நின்றால், ஏழாம் நூற்றாண்டின் கை அண்டை வீட்டுக் கையாகிவிடுகிறது. நான்கு இடங்களிலும் இந்த அனுபவம் இங்கே மட்டும்தான் கிடைக்கும். அதனால் முழு நாள் கையில் இருந்தால் என் மனம் இதன் பக்கமே சாய்கிறது.

செலவுக்கு வருவோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். கார் என்றால் சுங்கக் கட்டணமும் எரிபொருளும், பஸ் என்றால் போக வர நான்கைந்து மணி நேரமும். நினைவுச் சின்னங்களுக்குத் தொல்லியல் துறை டிக்கெட் தனி. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. நிழல் குறைவு. சித்திரை, வைகாசியில் பகல் பன்னிரண்டுக்குப் பாறையில் கால் வைக்க முடியாது. மின் கருவிகள் ஓடும் பட்டறைகளில் கல் தூசி பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் போகவே வேண்டாம். வாங்கும் சிலையின் கனத்தையும் யோசியுங்கள். ரயிலில் ஊர் திரும்புகிறவர்கள் உள்ளங்கையில் அடங்கும் மாவுக்கல் சிற்பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## சோழமண்டலம் கலைஞர் கிராமம், ஈஞ்சம்பாக்கம்

இது பள்ளி இல்லை. பட்டியலில் ஏன் சேர்த்தேன் என்றால், எழும்பூர்க் கல்லூரியின் கதை இங்கேதான் தொடர்கிறது. படித்து முடித்த ஓவியர்கள் எப்படிப் பிழைப்பது என்ற கேள்விக்கு பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் கண்ட விடை இது. மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து, 1966இல் கடற்கரையோரம் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு வரைந்தார்கள். கலைப் படிப்பு என்றதும் "சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று கேட்கும் பெற்றோர் ஒரு முறை இங்கே வந்து போக வேண்டும்.

காட்சிக்கூடம், சிற்பத் தோட்டம், 2009இல் திறந்த அருங்காட்சியகம் என்று பார்க்க இருக்கிறது. சனி ஞாயிறிலும் போகலாம், யாரிடமும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும். ஆனால் இது கலைஞர்கள் குடியிருக்கும் இடம். திறந்த கதவெல்லாம் நமக்காகத் திறந்தது என்று எண்ணி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது தவறு. முதல் அளவுகோலில் இது மிகவும் பின்தங்குகிறது; கற்பதைப் பார்க்க முடியாது. வார நாளில் விடுப்பு எடுக்கவே முடியாதவர்களுக்கு இதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. கலாக்ஷேத்ராவில் காலையை முடித்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படியே தெற்கே வந்தால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | கலாக்ஷேத்ரா | எழும்பூர் | மாமல்லபுரம் | சோழமண்டலம் |
|---|---|---|---|---|
| கற்பதைக் காணலாமா | காலையில் உண்டு | அனுமதி கிடைத்தால் | அனுமதி கிடைத்தால். ஊர்ப் பட்டறைகளில் எப்போதும் | இல்லை |
| ஏற்ற நாள் | வேலை நாள் காலை | வேலை நாள், வெள்ளி தவிர்த்து | வேலை நாள், மார்கழி முதல் மாசி வரை | எந்த நாளும் |
| அனுமதி | கட்டணம் செலுத்தி | முன்கூட்டிக் கேட்டு | முன்கூட்டிக் கேட்டு | தேவையில்லை |
| தேவைப்படும் நேரம் | அரை நாள் | அரை நாள் | முழு நாள் | இரண்டு மணி நேரம் |
| கவனிக்க வேண்டிய செலவு | விடுப்பு, புடவை | நிச்சயமின்மை | பயணம், வெயில், தூசி | குறைவு |
| கையில் எடுத்துப் போக | குடை, பொறுமை | வரைபுத்தகம் | தொப்பி, முகக்கவசம், தண்ணீர் | வரைபுத்தகம் |

## யாருக்கு எதைச் சொல்வேன்

வயதான பெற்றோரோடு வருகிறவர்களுக்குக் கலாக்ஷேத்ரா. நடை அதிகம்தான், ஆனால் நிழல் இருக்கிறது, உட்கார்ந்து கேட்க இசை இருக்கிறது. திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலையும் அன்றே சேவித்துக்கொள்ளலாம்.

ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் என்றால் மாமல்லபுரம். சத்தம் போடலாம், ஓடலாம், கல்லைத் தொடலாம்.

கலைக் கல்லூரியில் சேரும் எண்ணத்தோடு இருக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு, எத்தனை தொலைபேசி அழைப்பு ஆனாலும் எழும்பூர். நான்காண்டு இளங்கலைப் படிப்பில் சேர்ந்தால் தான் எந்தத் தரையில் உட்காரப் போகிறோம், எந்த வெளிச்சத்தில் வரையப் போகிறோம் என்று நேரில் பார்ப்பது எந்தக் கையேட்டாலும் ஈடுசெய்ய முடியாதது. மூத்த மாணவர் ஒருவரோடு பத்து நிமிடம் பேசக் கிடைத்தால் வண்ணத்துக்கும் காகிதத்துக்கும் மாதம் எவ்வளவு ஆகிறது, படிப்பு முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளலாம்.

புகைப்படத்துக்காகவே போகிறவர்களுக்கு முதல் மூன்றையும் சொல்ல மாட்டேன். படிக்கிற பிள்ளைகளின் முகத்தை அவர்களைக் கேட்காமல் எடுத்து இணையத்தில் போடுவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. சோழமண்டலத்துச் சிற்பத் தோட்டம் இருக்கிறது. அங்கேயும் கேட்டுவிட்டு எடுங்கள்.

## சித்தி மகளுக்கு எழுதியது

அவளுடைய பெண் பத்தாம் வகுப்பு. வியாழக்கிழமை, ஆவணி மாதம், வகுப்புகள் நடக்கும் காலம். அருங்காட்சியகமும் திறந்திருக்கும். தங்கப்போவது எழும்பூரில் மண்டபத்துக்குப் பக்கத்தில். மனம் மாமல்லபுரத்துக்கு ஆசைப்பட்டாலும், திருமண வீட்டுக்காரர்கள் முதல் நாள் ஐந்து மணி நேரத்தைப் பஸ்ஸில் கழிக்க முடியாது. ஆகவே எழும்பூர் என்று எழுதினேன்.

கூடவே சிலவற்றைச் சேர்த்தேன். பத்து நாள் முன்னதாக முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. யார் வருகிறீர்கள், எத்தனை பேர், எந்த நாள், எவ்வளவு நேரம், ஏன் வருகிறீர்கள் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். பெண்ணையே எழுதச் சொல், தமிழில், தன் கையெழுத்தில். இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்குத் தொலைபேசி செய். மறுபடியும் முந்தைய நாள் மாலை செய். நான்கு பேருக்கு மேல் போக வேண்டாம், மாமாவும் குழந்தைகளும் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். வகுப்பில் யாராவது நிமிர்ந்து பார்த்தால் மட்டும் பேசுங்கள். "இது என்ன படம்?" என்று கேட்காதீர்கள், "இதை எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்?" என்று கேளுங்கள், யாரும் மகிழ்ந்து பதில் சொல்வார்கள். மறுத்துவிட்டால் நேராக அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போய், ஒரே ஒரு சிலைக்கு முன் உட்கார்ந்து அவளை வரையச் சொல்.

கடிதத்தின் முதல் வரைவைப் பெண் எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான்கு வரிகள். மூன்றாவது வரியில், "எனக்கு இன்னும் கை விரல்கள் சரியாக வரையவில்லை, அதை எப்படிக் கற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள். "வரையவில்லை" என்பதை "வரைய வரவில்லை" என்று மாற்றியதோடு நிறுத்திக்கொண்டேன்.